ஏற்காட்டு உட்பாதைகள்: தோட்டத்து முகாம் வரை சிறிய காரில் செல்லலாமா?

செவ்வாய்ப்பேட்டை வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏரிக்கரை வரை செல்லும் சாலையில் நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டி வருகிறேன். குப்பனூர் வழியாகவும் பலமுறை இறங்கியிருக்கிறேன். ஆகவே மலை எனக்குப் புதிதல்ல. ஆனால் தார் முடிந்த இடத்துக்கு அப்பால் தொடங்கும் பாதையில் இதுவரை சக்கரம் வைத்ததில்லை.

பொங்கல் விடுமுறையில், நாகலூருக்கு அப்பாலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் உரிமையாளரின் இசைவுடன் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கவும், தோட்டத்துக்குள்ளேயே மேலேறும் ஒற்றையடிப் பாதையில் பாறை உச்சி வரை நடக்கவும் திட்டமிட்டிருக்கிறோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயதான என் தந்தை ஆகியோர் உடன் வருகிறார்கள். எங்களுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய பெட்ரோல் கார். தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி 165 மி.மீ. என்று கையேட்டில் உள்ளது. கடைசி நான்கு கிலோமீட்டர் மண்ணும் கப்பியும் கலந்த பாதை என்றும், தங்கள் பிக்கப் வண்டி நாள்தோறும் அதில் வந்து போகிறது என்றும், எனவே கவலை வேண்டாம் என்றும் தோட்டத்தில் சொல்கிறார்கள். உண்மையில் கவலை வேண்டாமா, அல்லது ஏற்காட்டில் காரை நிறுத்திவிட்டு ஜீப் அமர்த்திக்கொள்வது நல்லதா என்று, அந்தப் பாதைகளில் புழங்குபவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாகலூர் காப்பிக்காரர்

வணக்கம் தம்பி. பிக்கப் நாள்தோறும் போகிறது என்பதை நீங்கள் நற்செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிறிய காருக்கு அது நேர்மாறான செய்தி. மூட்டை ஏற்றிய பிக்கப் ஒரே தடத்தில் நூறு முறை போய் வரும்போது இரண்டு சக்கரங்களும் போகும் இடம் பள்ளமாகிவிடும், நடுவில் இருக்கும் மண் அப்படியே திட்டாக நின்றுவிடும். பிக்கப்பின் வயிறு உயரமானது என்பதால் அதன் ஓட்டுநருக்கு அந்தத் திட்டு கண்ணில்கூடப் படுவதில்லை. உங்கள் கார் அதே தடத்தில் இறங்கினால் சக்கரம் பள்ளத்திலும் வயிறு திட்டின் மேலும் இருக்கும். திட்டில் ஒரு கல் புதைந்திருந்தால் அது நேராக, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப்பைத் தேடிப் போகும்.

கையேட்டில் உள்ள 165 மி.மீ. என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐந்து பேரும், கூடாரமும், அரிசி பருப்பும் ஏறியபின் பின்பக்க ஸ்பிரிங் தாழ்ந்துவிடும். எங்கள் வீட்டில் பட்டணத்து விருந்தினர் வரும்போது நான் செய்வது இதுதான்: 13 செ.மீ. நீளத்துக்கு ஒரு சவுக்குக் குச்சியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு பாதை முழுவதும் நடப்பேன். திட்டின் உயரம் குச்சியைத் தாண்டும் இடங்களில் ஒரு சக்கரத்தைத் திட்டின் மேலும், மற்றொன்றைப் பாதையோரத்திலும் ஏற்றி ஓட்ட இடமிருக்கிறதா என்று பார்ப்பேன். இடமில்லையென்றால் விருந்தினரின் கார் எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். அவர்களை நாங்களே ஏற்றி வருவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் வரும் பொங்கல் நேரம் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பறிப்பு ஆட்களும், பழ மூட்டை ஏற்றிய வண்டிகளும் காலையிலும் மாலையிலும் அந்தப் பாதையில் நெருக்கமாகப் போய் வருவார்கள். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வந்தால் உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

இரும்பாலைப் பட்டறை

நான் சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கிய வண்டிகள் எங்களிடம் அதிகம் வரும் என்பதால் இதில் எனக்கு அக்கறை உண்டு. ஏறும்போது நேரும் கோளாறு பெரும்பாலும் வண்டியை நிறுத்திவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நேரும் கோளாறு வண்டியை நிறுத்த விடாது. அதனால் இறக்கத்தைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்திலும், சேலம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கின்றன. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,200 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 14 மெகாஜூல், அதாவது வீட்டு மீட்டர் கணக்கில் நான்கு யூனிட் மின்சாரம். 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குபவர், அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைக் கையகல டிஸ்க்குகளின் தலையில் ஏற்றுகிறார். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். கியர் தாழ்வாக இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு அவ்வப்போது தொட்டு விடுகிற வேலை மட்டுமே மிஞ்சும்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 இன்னும் குறைவு. ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழி வந்துவிட்டால், பெடலை மிதிக்க மிதிக்கப் பஞ்சை மிதிப்பதுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயிலை மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், மலையேறுவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

ஏற்றத்தைப் பொறுத்தவரை உங்கள் காரின் பலவீனம் கிளட்ச். கப்பி ஏற்றத்தில் பாதி கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் இரண்டே நிமிடத்தில் கருகல் வாடை வரும். வாடை வந்த பிறகும் முயல வேண்டாம். கைப்பிரேக்கைப் போட்டு, இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, பதினைந்து நிமிடம் ஆற விடுங்கள். முன்சக்கர இயக்கமுள்ள கார் செங்குத்தான ஏற்றத்தில் ஏறும்போது எடை பின்னால் சாய்ந்துவிடுவதால், இழுக்க வேண்டிய சக்கரங்களே தரையை அழுத்தமாகப் பிடிப்பதில்லை. எனவே ஆட்கள் இறங்கி நடப்பதும், கனமான பைகளைக் கையில் எடுத்துக்கொள்வதும் உண்மையிலேயே உதவும்.

டயர் காற்றைப் பொறுத்தவரை, வழக்கமாக 33 பி.எஸ்.ஐ. வைப்பவர் மண்பாதை தொடங்கும் இடத்தில் 26 வரை இறக்கினால் பிடிமானம் கூடும்.

மலைவழி ஆசிரியை

நான் ஏற்காடு வட்டாரத்தில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் பணியாற்றுகிறேன். இந்த இழையில் பாதை, வண்டி, ஆயில் எல்லாம் பேசப்பட்டுவிட்டன. பாதையில் நடப்பவர்களைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் 'உட்பாதை' என்று சொல்வது எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழி. காலை எட்டரை மணிக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேராகக் கைகோத்து நடந்து வருவார்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் அவர்கள் ஓரத்துக்கு ஒதுங்குவதில்லை, ஓடத் தொடங்குவார்கள். ஒதுங்குவதற்கு ஓரமே இல்லாத இடங்கள் உண்டு. ஒருபுறம் காப்பிச்செடிக் கரை, மறுபுறம் சரிவு. எனவே பிள்ளைகளைக் கண்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள். அவர்களே ஒரு வசதியான இடம் பார்த்து நின்று உங்களுக்கு வழிவிடுவார்கள்.

அடுத்தது, வண்டி நிறுத்தும் இடம். ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய பாதையில் இரண்டு மூன்று இடங்கள் மட்டும் சற்று அகலமாக இருக்கும். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்காகவே ஊர்க்காரர்கள் கரையை வெட்டி அந்த இடத்தை ஏற்படுத்தினார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது வண்டி நிறுத்துவதற்கென்றே அமைந்த இடமாகத் தெரிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அகலமான இடத்தில் ஒரு கார் பூட்டி நிறுத்தப்பட்டிருந்தது. ஆட்கள் மலை மேல் நடக்கப் போயிருந்தார்கள். எதிரே ஏறி வந்த டிராக்டர் திரும்பிப் போக வழியில்லாமல் நாற்பது நிமிடங்கள் அங்கேயே நின்றோம். அந்தப் பெண்ணின் தாயார் காரின் கண்ணாடியைத் தட்டித் தட்டி, உள்ளே யாருமில்லை என்று தெரிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் காரை எங்கே நிறுத்தினாலும், கைபேசி எண்ணை எழுதிய தாளைக் கண்ணாடியில் வைப்பதோடு நின்றுவிடாதீர்கள், அங்கே சிக்னலே இருக்காது. பக்கத்து வீட்டில் யாரிடமாவது எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் சாவியையும் அவர்களிடமே கொடுங்கள்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையில் மரியாதை மட்டுமல்ல. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் அது உள்ளது. ஆனால் ஏறி வருபவருக்குப் பின்னாலேயே அகலமான இடம் இருந்து, இறங்குபவருக்கு அரைக் கிலோமீட்டர் பின்னே போக வேண்டியிருந்தால், இருவரும் இறங்கி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதே இங்குள்ள வழக்கம்.

காட்டுவழி விரும்பி

நல்ல உரையாடல். ஆனால் தோட்டத்துக்குள் கூடாரம் அடிப்பது வீட்டுத் திண்ணையில் படுப்பதுபோலத்தான் என்பது என் கருத்து. சேர்வராயன் மலையின் வடக்குச் சரிவில், காப்புக்காட்டுக்குள் ஓடைக்கு அருகே ஓர் அகலமான பாறை இருக்கிறது. நான் நண்பர்களோடு நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் இரண்டு முறை அங்கே போய் இரவு தங்கியிருக்கிறேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இழையைத் தொடங்கிய நண்பர் விரும்பினால் வழியை அனுப்பி வைக்கிறேன். சிறிய கார் வேண்டாம், என் வண்டியிலேயே போகலாம்.

காக்கி ஓய்வு

நான் வனத்துறையில் பல ஆண்டுகள் களப்பணியாற்றி ஓய்வுபெற்றவன். மேலேயுள்ள அழைப்பை இழையைத் தொடங்கியவர் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழைத்தவரும் அங்கே மறுபடி போக வேண்டாம் என்று வேண்டுகிறேன். யாரும் கேட்கவில்லை என்பதற்கு, அந்த இரவு ரோந்து வேறு பக்கம் போயிருந்தது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். தங்குவதும் தீ மூட்டுவதும் அதற்கு மேற்பட்டவை.

சட்டத்தை விட்டுவிட்டுக் காரணத்தைச் சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கிப் போகும் வேகம் சமதரையில் போவதைப் போல் அல்ல. கீழேயுள்ள அனல் மேலேயுள்ள புல்லை முதலிலேயே உலர்த்திவிடுவதால், தீ வந்து தொடுவதற்குள் புல் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும். காய்ந்த சுக்குநாறிப் புல் நிறைந்த சரிவில், மேல்நோக்கி ஓடும் மனிதனை அது முந்திவிடும். நான் தீத்தடுப்புக் கோடு வெட்டும் ஆட்களோடு நின்றவன், அந்தச் சத்தத்தைக் கேட்டவன். வறண்ட ஓடைப் பாறையில் நீங்கள் மூட்டும் சமையல் தீயின் ஒரு பொறி, காற்றில் ஐம்பதடி போனால் போதும்.

அந்த நிகழ்வுக்குப் பிறகே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றத் தடங்களை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. சேலம் மாவட்டத்துத் தடங்களும் அதில் உண்டு. வழிகாட்டிகளாக அந்தந்தப் பகுதி மலைவாழ் இளைஞர்களே வருகிறார்கள். தீக்காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். காட்டுக்குள் நடக்க விரும்புபவர்களுக்கு வாசல் அது.

விலங்குகளைப் பற்றி ஒரு செய்தி. சேர்வராயன் மலையில் காட்டெருமை நிறைய உண்டு, அந்தி சாய்ந்தபின் தோட்டப் பாதைகளுக்கே வந்துவிடும். வளர்ந்த ஆண் ஒரு டன் எடை வரை இருக்கும். பாதையில் கண்டால் வண்டியை நிறுத்தி, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல், கதவைத் திறக்காமல் காத்திருங்கள். கூட்டமாக நிற்பது தானே நகர்ந்துவிடும். தனியாக நிற்கும் ஆணிடம்தான் பொறுமை அதிகம் வேண்டும். படம் எடுக்க இறங்கியவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறோம்.

காட்டுவழி விரும்பி

ஐயா சொன்னதை மறுக்கவில்லை. தீயைப் பற்றி நான் அந்த அளவுக்கு யோசித்ததில்லை. வழியை யாருக்கும் அனுப்ப மாட்டேன், நானும் போக மாட்டேன். ஆனால் என் மனத்தாங்கலையும் சொல்ல விடுங்கள். வழிகாட்டியோடு பகலில் நடந்து திரும்புவதும், காட்டில் ஓர் இரவு விழித்திருப்பதும் ஒன்றல்ல. அதற்கு முறையான இடங்கள், எளிய வசதியோடும் காவலோடும், நம் மாவட்டத்தில் இன்னும் சில அமைய வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் முட்டல் ஏரியிலும் ஆனைவாரி அருவியிலும் வனத்துறை சூழல் சுற்றுலா நடத்துவதுபோல மேலே மலையிலும் ஏதேனும் இருந்தால், என்னைப் போன்றவர்கள் திருட்டுத்தனமாகப் பாறை தேட மாட்டோம்.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். அது இருப்பதாலேயே எங்கும் போய்விடலாம் என்று நானும் நினைத்தேன். குறுக்காகப் பள்ளம் விழுந்த ஓரிடத்தில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் தொங்கின. அந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் சுழன்றன, தரையில் நின்ற இரண்டும் அசையவில்லை. சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் அப்படித்தான் வேலை செய்யும், எளிதாகச் சுழலும் பக்கத்துக்கே விசையைக் கொடுத்துவிடும். கற்களைப் பொறுக்கிப் பள்ளத்தை நிரப்பித்தான் வெளியே வந்தேன். உண்மையில் உதவியது குறைவேக கியர், ஏனென்றால் அதில் நடக்கும் வேகத்தில் கல் கல்லாகப் பார்த்து ஏற முடியும்.

நாகலூர் காப்பிக்காரர்

பட்டறைக்காரர் அண்ணன் சொன்ன டயர் காற்று பற்றி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சேற்றிலும் மணலிலும் அவர் சொல்வது சரி. எங்கள் பாதையில் கிடப்பது சார்னோகைட் பாறையை உடைத்துப் போட்ட கப்பி. அது இறுகிய பாறை, உடைந்த விளிம்பு ஆண்டுக்கணக்கில் மழுங்குவதில்லை. காற்றை இறக்கினால் டயரின் கன்னம் வெளியே பிதுங்கும். பிதுங்கிய கன்னத்தில் அந்த விளிம்பு பட்டால் கீறிவிடும். நடுத்தளத்தில் ஆணி ஏறினால் நீங்களே ஒட்டிக்கொள்ளலாம், கன்னம் கிழிந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்ட மாட்டார்கள். காற்றை இறக்காமல் மெதுவாக வருவதே எங்கள் பழக்கம்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அடிவாரச் சாலையிலேயே மண் சரிந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். தார்ச்சாலைக்கே அந்த நிலை என்றால் வடிகால் இல்லாத மண்பாதைக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் செம்மண் காய்ந்திருக்கும்போது சிமெண்டு போலிருக்கும், ஒரு மணி நேர மழைக்குப் பின் சோப்பு. பயணத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில் மழை பெய்திருந்தால் வண்டி எதுவானாலும் கேட்டோடு நின்றுவிடுங்கள்.

இரும்பாலைப் பட்டறை

கன்னம் கிழியும் என்பது சரியான எச்சரிக்கை, ஏற்றுக்கொள்கிறேன். நான் சேற்றை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். கப்பியில் மூன்று நான்கு புள்ளிகளுக்கு மேல் இறக்க வேண்டாம். இறக்கினால் தார்ச்சாலைக்கு வருமுன் மீண்டும் ஏற்றிக்கொள்ள, கையடக்கக் காற்றடிக்கும் கருவி வண்டியில் இருக்க வேண்டும். குறைந்த காற்றோடு 20 வளைவுகளில் இறங்குவது, பிரேக் இல்லாமல் இறங்குவதற்கு அடுத்தபடியான ஆபத்து. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஜாக்கியை மண்ணில் வைத்தால் அது உள்ளே புதையும், எனவே அடியில் வைக்க ஒரு அடி நீள அகலத்துக்குப் பலகை ஒன்றும் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. அழைப்பு விடுத்த நண்பருக்கும் நன்றி, ஆனால் நாங்கள் தோட்டத்திலேயே தங்குகிறோம்.

கடந்த ஞாயிறன்று நானும் மைத்துனரும் இருசக்கர வண்டியில் நாகலூர் சென்று, தோட்டத்து கேட்டில் வண்டியை விட்டு, நான்கு கிலோமீட்டரையும் குச்சியோடு நடந்தோம். முதல் இரண்டு கிலோமீட்டரில் குச்சியைத் தாண்டிய இடம் மூன்றுதான், மூன்றிலும் ஓரமாக ஏறிச் செல்ல வழியிருந்தது. அதற்குப் பிறகு ஓர் ஓடைக்கருகே தரைப்பாலம் அரித்துப்போய், இரண்டு அடி அகலத்தில் சிமெண்டு உடைந்து கிடந்தது. அதைத் தாண்டியதும் ஏற்றம். அந்த ஏற்றத்தில் பாதை முழுவதும் தேங்காய் அளவு கற்கள், இடையில் பிடிமானமே இல்லாத பொடிமண். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து பழ மூட்டையோடு பிக்கப் இறங்கியது. ஓட்டுநர் முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், எஞ்சின் முனகலிலேயே வண்டியை இறக்கினார். ஒவ்வொரு கல்லின் மேலும் சக்கரம் ஏறி இறங்குவதை அவர் உடல் முன்கூட்டியே அறிந்திருந்தது. அந்த இரண்டு நிமிடக் காட்சியில் நான் கற்றது அதிகம்.

கைபேசி வரைபடம் காட்டிய வேறொரு குறுக்குவழியையும் பார்த்தோம். அது இன்னொரு தோட்டத்தின் பூட்டிய கேட்டில் முடிகிறது. திரும்புவதற்கு இடமில்லை, காரில் வந்திருந்தால் முக்கால் கிலோமீட்டர் பின்னோக்கியே வந்திருக்க வேண்டும்.

ஆகவே முடிவு இது: தரைப்பாலத்துக்கு முன்புள்ள தோட்டத்துக் களத்தில் காரை நிறுத்திவிட்டு, பொருட்களையும் தந்தையையும் பிக்கப்பில் அனுப்பி, மற்றவர்கள் மீதி வழியை நடப்பது. களத்தில் நிறுத்த உரிமையாளர் இசைந்துவிட்டார்.

மலைவழி ஆசிரியை

நல்ல முடிவு. பிக்கப்பின் பின்புறத்தில் மூட்டையின் மேல் உங்கள் தந்தையை உட்கார வைக்க வேண்டாம், ஓட்டுநருக்கு அருகில் உட்காரட்டும். நடக்கும் பிள்ளைகளுக்கு முழுக்கால்சட்டை அணிவியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசி

பொங்கல் முடிந்து திரும்பிவிட்டோம். இழையில் உதவியவர்களுக்கு நடந்ததை எழுதுவது கடமை.

போகும்போது எல்லாம் திட்டப்படி நடந்தது. குச்சியைத் தாண்டும் மூன்று இடங்களிலும் மைத்துனர் முன்னால் நடந்து கையைக் காட்ட, நான் நடைவேகத்தில் ஓட்டினேன். இரண்டு இரவுகளும் நல்ல குளிர். அதிகாலையில் சில்வர் ஓக் மரங்களிலும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளிலும் பனி சொட்டும் சத்தம் மழையைப் போலவே கேட்டது. மகள் மழை என்றே எண்ணிக் கூடாரத்துக்கு வெளியே கிடந்த செருப்புகளை எல்லாம் உள்ளே எடுத்து வைத்தாள். பாறை உச்சி நடையில் தந்தை பாதி தூரம் வந்து, ஒரு பலாமரத்தடியில் அமர்ந்துகொண்டார்.

தவறு திரும்பும்போது நேர்ந்தது, முழுக்க என்னுடையது. காலை ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டேன், பறிப்பு ஆட்களை ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற நினைவில், பின்னால் இருந்த அகலமான இடத்துக்கு அவசரமாகப் பின்னே எடுத்தேன். கரையோரத்தில் புல்லுக்குள் கிடந்த கப்பியைக் கவனிக்கவில்லை. பின் இடது டயரின் கன்னத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். காற்று ஒரே மூச்சில் இறங்கியது. டிராக்டரிலிருந்து நான்கு பேர் இறங்கி வந்தார்கள். பலகையைக் கொண்டுபோயிருந்ததால் ஜாக்கி புதையவில்லை, ஸ்டெப்னியில் காற்றும் இருந்தது. இருபது நிமிடத்தில் மாற்றிவிட்டோம். அவர்களுடைய காலைக் கூலி நேரத்தில் இருபது நிமிடம் என் அவசரத்தால் போயிற்று. மேஸ்திரி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அடுத்த முறை பத்தரைக்கு மேல் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

20 வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தபோது இளஞ்சூடுதான் இருந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் கையை வைக்க முடியாது.

இரும்பாலைப் பட்டறை

கிழிந்த டயருக்கு ஒன்று மட்டும் வாங்காமல், அதே அச்சிலுள்ள மற்றதின் தேய்மானத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கல்லில் இடித்திருப்பதால் ரிம் வளைந்திருக்கிறதா என்றும், சக்கர நேர்த்தி சரியாக இருக்கிறதா என்றும் இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.

நாகலூர் காப்பிக்காரர்

தம்பி நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. இந்த இழையைப் பார்த்து இனி வருபவர்களுக்காக எழுதுகிறேன்: நேற்று மாலை இங்கே பருவம் தப்பிய மழை இரண்டு மணி நேரம் பெய்தது. தரைப்பாலத்தின் உடைப்பு பெரிதாகி, இன்று காலை பிக்கப்பும் களத்திலேயே நிற்கிறது. மூட்டைகளைத் தலைச்சுமையாகவே இறக்குகிறோம். பாலத்தைச் சீர்செய்யும் வரை யாரும் காரை நாகலூருக்கு மேல் கொண்டுவர வேண்டாம். சரியானதும் இங்கேயே எழுதுகிறேன்.